சிறு பண்ணைக்கு ஹைலண்டு மாடு: ஸ்காட்லாந்து மலைநாடு தரும் பாடம்

ஐரோப்பிய மாடு என்றதும் நம் விவசாயப் பெருமக்களுக்கு ஜெர்சியும் பிரீசியனுமே நினைவுக்கு வரும். நிறையத் தீனி கொடுத்து நிறையப் பால் கறப்பது என்ற கணக்கில் வளர்க்கப்படும் இனங்கள் அவை. இதற்கு நேர் எதிரான கணக்கில் வளர்க்கப்படும் இனம் ஒன்றும் அங்கே உண்டு. அதுதான் ஸ்காட்லாந்து மலைப்பகுதியின் ஹைலண்டு மாடு. இன்று இது பாலுக்காக வளர்க்கப்படுவதில்லை, இறைச்சிக்காகவே வளர்க்கப்படுகிறது. வேகமாக வளராது, பெரிய எடையும் வராது. இருந்தும், சில ஏக்கர் நிலமே வைத்திருக்கும் குடும்பங்கள் பல இதை விடாமல் வைத்திருக்கின்றன.

வரவு குறைவாக இருந்தாலும் செலவு அதைவிடக் குறைவாக இருந்தால் மிச்சம் கையில் நிற்கும் என்பதே இதற்குக் காரணம். ஆனால் அந்த மிச்சம் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டது. அவற்றை அறியாமல், மாட்டின் அழகை மட்டும் பார்த்து வாங்கிக் கையைச் சுட்டுக்கொள்பவர்களும் உண்டு. இந்த இனத்தின் இயல்பு, வளர்ப்பு முறை, வரவு செலவு ஆகியவற்றை இப்பாடத்தில் காண்போம்.

பிறந்த மண்

பிரிட்டனின் வடபகுதியான ஸ்காட்லாந்தில், வடமேற்கே மலைகளும் தீவுகளும் நிறைந்த பகுதிக்கு ஹைலண்ட்ஸ், அதாவது மேட்டுநாடு, என்று பெயர். மேற்குக் கரையின் மலைப்பகுதிகளில் ஆண்டுக்கு 2,000 மில்லி மீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மண் புளிப்புத் தன்மை உடையது. பல இடங்களில் சதுப்பு நிலம். புல் வளர்வது மே முதல் செப்டம்பர் வரைதான். குளிர்காலத்தில் பகல் வெளிச்சமே ஏழு மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். குளிரோடு மழையும் கடற்காற்றும் சேர்ந்து வாட்டும்.

இந்த மண்ணில் நிலைத்து நின்ற மாடுகளே ஹைலண்டு இனமாயின. முன்பு இவற்றில் இரு பிரிவுகள் இருந்தன. மேற்குத் தீவுகளில் இருந்தவை சிறியவை. பெரும்பாலும் கறுப்பு நிறம். பெருநிலப்பகுதியில் இருந்தவை சற்றுப் பெரியவை, செந்நிறம் மிகுந்தவை. இன்று இரண்டும் ஒரே இனமாகவே கருதப்படுகின்றன. ஹைலண்டு மாட்டுச் சங்கம் 1884-ல் தொடங்கப்பட்டது. வம்சாவளிப் பதிவேட்டின் முதல் தொகுதி 1885-ல் வெளியாயிற்று. அன்று முதல் இன்று வரை தாய், தந்தை விவரங்கள் பதிவாகி வருகின்றன. சிவப்பு, கறுப்பு, மஞ்சள், சாம்பல் கலந்த பழுப்பு, வெள்ளை, வரிப்புலி நிறம் என்று பல நிறங்களில் இம்மாடுகள் உண்டு.

கிராப்ட் என்னும் சிறு பண்ணை

மேட்டுநாட்டின் சிறு பண்ணைக்குக் கிராப்ட் என்று பெயர். அதை நடத்தும் குடியானவர் கிராப்டர். வீட்டை ஒட்டிச் சில ஏக்கர் சாகுபடி நிலமும் வைக்கோல் புல் நிலமும் இருக்கும். அதற்கு மேலே மலைச்சரிவில் ஊர்ப் பொது மேய்ச்சல் தரை இருக்கும். யார் எத்தனை மாடு, எத்தனை ஆடு விடலாம் என்பதற்குப் பங்கு அளவு உண்டு. இதை அவர்கள் சூமிங் என்பார்கள். அளவுக்கு மேல் விடக் கூடாது. இதைக் கவனிக்க ஊர் மேய்ச்சல் குழு இருக்கும்.

ஒரு காலத்தில் இக்குடும்பங்களுக்குப் பணமாக வந்தது மாட்டை விற்றுத்தான். பண்ணையாருக்குக் குத்தகை கட்டவும் அதுவே உதவியது. கோடையில் பெண்களும் சிறுவர்களும் மாடுகளை மலை மேய்ச்சலுக்கு ஓட்டிச் சென்று, அங்கேயே குடிசை போட்டுத் தங்கி, வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் செய்தார்கள். இலையுதிர் காலத்தில் மாட்டு வியாபாரிகள் மந்தைகளைத் தெற்கே கிரீப், பால்கர்க் சந்தைகளுக்கு ஓட்டிப் போவார்கள். ஸ்கை தீவு மாடுகள் கடற்காலை நீந்தியே கடந்தன. முன்னே போகும் மாட்டின் வாலில் பின்னே வரும் மாட்டின் கீழ்த்தாடைக் கயிற்றைக் கட்டி, வரிசையாகப் படகின் பின்னால் நீந்த விடுவார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பண்ணையார்கள் பலர் குடியானவர்களை வெளியேற்றிவிட்டு, அந்நிலங்களில் பெரிய அளவில் செம்மறி ஆடு வளர்க்கலாயினர். 1846-ல் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து பஞ்சமும் வந்தது. குடியானவர்களின் கிளர்ச்சியை அடுத்து 1883-ல் நேப்பியர் பிரபு தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. 1886-ல் சட்டம் வந்தது. நிலத்தை விட்டு வெளியேற்ற முடியாத உரிமை, நியாயமான குத்தகை, வாரிசுக்கு நிலத்தை விடும் உரிமை ஆகியவை அச்சட்டத்தால் கிடைத்தன. இன்று 20,000-க்கும் அதிகமான கிராப்டுகள் உள்ளன. ஆனால் பெரும்பாலும் அவற்றின் வருமானம் மட்டுமே குடும்பத்துக்குப் போதாது. வெளி வேலையும் பார்த்துக்கொண்டுதான் மாட்டையும் கவனிக்கிறார்கள். ஆகவே அதிக வேலை வாங்காத மாடே அவர்களுக்கு ஏற்றது.

உடலமைப்பும் அதன் பயனும்

ஹைலண்டு பசு சுமார் 450 முதல் 500 கிலோ எடை இருக்கும். பொலிகாளை 800 கிலோ வரை வரும். கால்கள் குட்டை, உடல் அகலம். கொம்புகள் நீளம். பசுவின் கொம்பு மேல்நோக்கி வளையும். காளையின் கொம்பு தடித்து, பக்கவாட்டில் சென்று முன்னோக்கித் திரும்பும். நெற்றி முடி கண்களை மறைத்துத் தொங்கும். மழையும் காற்றும் கண்ணில் படாமல் காப்பதோடு, கோடையில் ஈக்களையும் இது தடுக்கிறது.

இந்த இனத்தின் முக்கிய அம்சம் உடல் முடிதான். வெளியே நீண்ட, எண்ணெய்ப் பசையுள்ள முடி. உள்ளே பஞ்சு போன்ற குட்டை முடி என இரண்டு அடுக்குகள். மழை நீர் வெளி முடியில் வழிந்து ஓடிவிடும். உள் முடி நனையாது. உடல் சூடு வெளியேறாது. மற்ற இனங்கள் குளிரைத் தாங்கத் தோலுக்கு அடியில் கொழுப்பைச் சேர்த்து வைக்க வேண்டும். ஹைலண்டு மாட்டுக்கு அந்த வேலையில் பெரும்பகுதியை முடியே செய்துவிடுகிறது. அதனால் இதற்குக் கொட்டகை தேவையில்லை. உடல் சூட்டுக்காகக் கூடுதல் தீனியும் அதிகம் தேவையில்லை. இறைச்சியிலும் வெளிக் கொழுப்பு குறைவு.

இரண்டாவது அம்சம் வாய். மற்ற மாடுகள் ஒதுக்கும் முரட்டுப் புல், கோரை, இளந்தழை ஆகியவற்றையும் இது தின்னும். செம்மறி ஆடு நல்ல புல்லாகப் பார்த்து ஒட்டக் கடிக்கும். முரட்டுப் புல்லை விட்டுவிடும். மாடு நாக்கால் சுற்றி இழுத்து மேய்வதால் முரட்டுப் புல்லும் குறைகிறது. மலைச்சரிவில் பரவும் பிராக்கன் என்னும் பெரணிச் செடியைக் குளம்பால் மிதித்து அழிக்கவும் மாடு உதவுகிறது. ஆடும் மாடும் கலந்து மேய்ந்தால் தரை கெடாமல் இருக்கும் என்பது கிராப்டர்களின் அனுபவம்.

ஒரு சிறு கணக்கு

ஹைலண்டு மாட்டின் லாபம் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். இதில் உள்ள எடைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. பண்ணைக்குப் பண்ணை சற்று மாறும்.

பெரிய இறைச்சி இனப் பசு ஒன்றின் எடை 700 கிலோ என்றும், ஹைலண்டு பசுவின் எடை 450 கிலோ என்றும் வைத்துக்கொள்வோம். பசு தன் எடையில் நூற்றுக்கு 2 பங்கு அளவு உலர் தீவனம் தின்னும். உலர் தீவனம் என்பது தீவனத்தில் உள்ள நீரைக் கழித்த எடை. இதன்படி பெரிய பசுவுக்கு நாளுக்கு 14 கிலோ; ஹைலண்டு பசுவுக்கு 9 கிலோ. குளிர்காலத் தீவன நாட்கள் 160 என்றால், பெரிய பசுவுக்கு 2,240 கிலோ. ஹைலண்டு பசுவுக்கு 1,440 கிலோ. நான்கு பெரிய பசுக்களுக்கு ஆகும் 8,960 கிலோ தீவனத்தில் ஆறு ஹைலண்டு பசுக்களைக் காப்பாற்றலாம்.

இனி கன்றுகளைப் பார்ப்போம். பால்குடி மறக்கும் வயதில் பெரிய இனக் கன்று 300 கிலோ என்றால், நான்கு கன்றுகளுக்கு 1,200 கிலோ. ஹைலண்டு கன்று 190 கிலோ என்றால், ஆறு கன்றுகளுக்கு 1,140 கிலோ. ஆக, விற்கும் மொத்த எடை ஏறக்குறைய ஒன்றுதான். ஹைலண்டு சற்றுக் குறைவும்கூட. பொதுச் சந்தையில் ஹைலண்டு கன்றுக்குக் கிலோவுக்குக் கிடைக்கும் விலையும் பெரிய இனக் கன்றைவிடப் பெரும்பாலும் குறைவு.

அப்படியானால் லாபம் எங்கே? மூன்று இடங்களில் உள்ளது. முதலாவது, கொட்டகைச் செலவு இல்லை. கொட்டகை இல்லாததால் படுக்கை வைக்கோலும் சாணம் அள்ளும் வேலையும் இல்லை. இரண்டாவது, விலை கொடுத்து வாங்கும் அடர்தீவனம் இல்லை அல்லது மிகக் குறைவு. மூன்றாவது, பசுவின் ஆயுள். பல ஹைலண்டு பசுக்கள் 18 வயதுக்கு மேலும் கன்று ஈனுகின்றன. ஒரு பசு பன்னிரண்டு ஆண்டுகள் கன்று கொடுத்தால் அக்காலத்தில் ஒரு கிடேரியை மட்டும் மாற்றுக்கு வைத்தால் போதும். ஆறு ஆண்டில் கழிக்க வேண்டிய பசு என்றால் இரண்டு கிடேரிகளை விற்காமல் நிறுத்தி, ஈனும் வரை தீனி போட வேண்டும்.

இதிலிருந்து முக்கியமான உண்மை ஒன்று தெரிகிறது. ஹைலண்டு மாட்டை வாங்கி, அதற்குக் கொட்டகை கட்டி, அடர்தீவனம் கொட்டி, சீக்கிரம் கொழுக்க வைக்க முயன்றால் அந்த மூன்று லாபங்களில் இரண்டு உடனே போய்விடும். மெதுவாக வளரும் குணம் மட்டும் மிஞ்சும். எளிய முறையில் வளர்த்தால்தான் இந்த மாடு பலன் தரும்.

நிலத் தேர்வும் மேய்ச்சலும்

நல்ல புல் நிலமானால் பசுவும் கன்றும் மேயச் சுமார் இரண்டு ஏக்கர் தேவை. கரடான மலைத் தரையில் இதைப் போல் பல மடங்கு வேண்டும். ஆகவே நிலத்தின் தரம் பார்த்தே எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும். தொடக்கத்தில் இரண்டு, மூன்று பசுக்களே போதும். ஒற்றை மாடாக வளர்ப்பது நல்லதல்ல; மாடு கூட்டமாக வாழும் பிராணி.

கொட்டகை வேண்டாம் என்பதால் எந்தப் பாதுகாப்பும் வேண்டாம் என்று பொருளல்ல. காற்றைத் தடுக்க மரத்தோப்போ, கற்சுவரோ, மேட்டு மறைவோ இருக்க வேண்டும். படுக்க உலர்ந்த மேட்டுத்தரை கட்டாயம் தேவை. குளிரைவிடச் சேறே இந்த மாட்டுக்கு எதிரி. சேற்றில் நின்று முடி சகதியாகிச் சடை பிடித்தால் அது குளிரைத் தடுக்காது. மாட்டின் குளம்பு பட்டுப் புல்வெளியும் குழம்பிப் போகும்; அடுத்த வசந்தத்தில் புல் பிடிக்காது. எனவே தீனி போடும் இடத்தை அடிக்கடி மாற்ற வேண்டும். குளிர்காலத்துக்கென்று நீர் வடியும் கெட்டித்தரை ஒன்றை ஒதுக்கி வைப்பது சிறந்தது.

குளிர்காலத் தீவனம்

மேலே கண்ட 1,440 கிலோ உலர் எடைக்கு, நன்கு காய்ந்த புல்லாகச் சுமார் 1,700 கிலோ தேவை. கோடையில் மேயாமல் ஒதுக்கிய நிலத்தில் நிற்கும் புல் கொஞ்சம் கைகொடுக்கும். மேற்குக் கரையில் அடிக்கடி மழை பெய்வதால் புல்லைக் காயவைப்பது கடினம். அதனால் சைலேஜ் எனப்படும் ஊறுகாய்ப்புல்லாகச் சுருட்டி, பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் கட்டி வைக்கிறார்கள். சொந்தமாகப் புல் அறுக்க நிலம் இல்லாதவர்கள் விலைக்கு வாங்க வேண்டும். தீவுகளுக்குப் படகுக் கூலியும் சேரும். மாடு வாங்குவதற்கு முன் இந்தத் தீவனக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது அவசியம்.

கொம்புள்ள மாடுகள் ஆனதால், பலமுள்ள பசு பலமற்ற பசுவை விரட்டிவிடும். தீனியை ஒரே இடத்தில் கொட்டாமல், மாடுகளின் எண்ணிக்கையைவிட ஒன்றிரண்டு கூடுதலான குவியல்களாகப் பரப்பி வைக்க வேண்டும். அப்போதுதான் எல்லாவற்றுக்கும் கிடைக்கும்.

பசுவின் உடல்நிலையைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அடர்ந்த முடி மெலிவை மறைத்துவிடும். மாதம் ஒரு முறையாவது இடுப்பு எலும்பின் மேலும் வால் அடியிலும் முடிக்குள் கைவிட்டு அழுத்திப் பார்க்க வேண்டும். எலும்பு கூர்மையாகத் தட்டுப்பட்டால் பசு மெலிந்திருக்கிறது என்று பொருள். சினைப்பசுவுக்கும் முதல் ஈற்றுக் கிடேரிக்கும் குளிர்காலக் கடைசியில் சிறிதளவு கூடுதல் தீவனம் தரலாம். தாது உப்புக் கட்டி எப்போதும் நக்கக் கிடைக்க வேண்டும். புளிப்பு மண்ணில் செம்பு, கோபால்ட், செலினியம் ஆகிய நுண்சத்துகள் குறைவாக இருக்கக்கூடும். கால்நடை மருத்துவரைக் கொண்டு இரத்தம் பரிசோதித்து, குறையுள்ள சத்தை மட்டும் கொடுப்பது நல்லது. செம்பு அளவுக்கு மிஞ்சினால் நஞ்சாகிவிடும்.

இனவிருத்தி

ஹைலண்டு கிடேரியை அவசரப்பட்டு இணை சேர்க்கக் கூடாது. இரண்டு வயது கடந்து உடல் நன்கு தேறிய பின்னரே காளையிடம் விட வேண்டும். முதல் ஈற்று மூன்று வயதுக்கு மேல் ஆவதே வழக்கம். சினைக்காலம் ஒன்பது மாதமும் சில நாட்களும். ஜூலையில் சினைப்பட்டால் ஏப்ரல், மே மாதங்களில் ஈனும். அப்போது புல் துளிர்க்கத் தொடங்கும். பசுவுக்குப் பால் ஊறும். கன்று சிறியதாகவும் பசுவின் இடுப்பு அகலமாகவும் இருப்பதால் பெரும்பாலும் உதவியின்றியே ஈன்றுவிடும். ஈன்ற பசு கன்றைக் காப்பதில் மிகுந்த கவனமாயிருக்கும். சாதுவான பசுவாயினும் அந்த நாட்களில் நாயுடன் அருகில் போவது ஆபத்து.

நாலைந்து பசு வைத்திருப்பவர் தனியாகப் பொலிகாளை வைத்துக் கட்டுப்படியாகாது. இதற்கு அங்கே மூன்று வழிகள் உள்ளன. ஊரார் சேர்ந்து ஒரு காளை வைத்துக்கொள்வது ஒன்று. செயற்கை முறைக் கருவூட்டல் இன்னொன்று. ஆனால் வெட்டவெளியில் திரியும் மாட்டில் பருவ அறிகுறியைக் கண்டுபிடிக்கக் காலையும் மாலையும் கவனிக்க வேண்டும். மூன்றாவது, இன்வர்னஸ் நகருக்கு அருகே நாக்னகேல் என்னுமிடத்தில் உள்ள அரசுக் காளைப் பண்ணை. கிராப்டர் குழுக்களுக்குத் தரமான காளைகளைப் பருவகாலத்துக்கு வாடகைக்கு விடுவதற்காக ஏற்பட்டது அது. எந்த வழியானாலும், காளையின் மகள்கள் பருவத்துக்கு வருமுன் காளையை மாற்றிவிட வேண்டும்.

கலப்பினமும் லாபகரமானது. ஹைலண்டு பசுவை ஷார்ட்ஹார்ன் காளையுடன் சேர்த்தால் பிறக்கும் பசு, தாயின் உறுதியும் தந்தையின் வளர்ச்சியும் கொண்டு நல்ல கன்றுத்தாயாகிறது. லூயிங் தீவில் காட்சோ சகோதரர்கள் இந்தக் கலப்பிலிருந்து ஒரு புதிய இனத்தையே உருவாக்கினார்கள். 1965-ல் அது லூயிங் இனம் என்று அரசால் ஏற்கப்பட்டது. ஆனால் எல்லோரும் கலப்புக்கே போய்விட்டால் மூல இனம் நிற்காது. எனவே சிறந்த பசுக்களில் சிலவற்றையாவது தூய ஹைலண்டு காளைக்கே விட வேண்டும்.

கையாளும் முறை

நீண்ட கொம்புகள் பயமூட்டினாலும் பொதுவாக இது சாதுவான மாடு. ஆனால் மலையில் விட்டுவிட்டு மாதக்கணக்கில் பார்க்காமல் இருந்தால் எந்த மாடும் காட்டு மாடாகிவிடும். கன்றாக இருக்கும்போதே தலைக்கயிறு போட்டுப் பழக்க வேண்டும். நாள்தோறும் ஒரு முறை அருகில் சென்று எண்ணிப் பார்ப்பது நல்ல பழக்கம். மருந்து கொடுக்கவும் காதில் அடையாள வில்லை போடவும், மாட்டை நிறுத்திப் பிடிக்க உறுதியான இரும்புக் கூண்டு வேண்டும். கொம்பு அகலத்துக்கு ஏற்ற கூண்டாகப் பார்த்து வாங்க வேண்டும். சாதாரணக் கூண்டில் கொம்பு சிக்கிக்கொள்ளும்.

அந்நாட்டுச் சட்டப்படி கன்று பிறந்த 20 நாட்களுக்குள் காதில் வில்லை போட வேண்டும். வெளியிலிருந்து மாடு வாங்கி வந்தால், பின் 13 நாட்களுக்குப் பண்ணையிலிருந்து மாடுகளையும் ஆடுகளையும் வேறிடத்துக்கு அனுப்பக் கூடாது. சில விதிவிலக்குகள் தவிர, இது எல்லாப் பண்ணைகளுக்கும் பொருந்தும்.

நோய்கள்

உறுதியான இனம் என்பதால் நோயே வராது என்று எண்ணிவிடக் கூடாது. சதுப்பு நிலத்தில் நத்தை மூலம் பரவும் கல்லீரல் தட்டைப்புழு பெரிய தொல்லை. தாடையின் கீழ் வீக்கம், மெலிவு, சோகை ஆகியவை அதன் அறிகுறிகள். சாணம் பரிசோதித்து, காலம் அறிந்து மருந்து கொடுக்க வேண்டும். உண்ணிகளால் சிறுநீர் சிவந்து போகும் காய்ச்சல் வரலாம். வேறு ஊரிலிருந்து உண்ணிப் பகுதிக்குப் புதிதாக வரும் மாடுகளுக்கு ஆபத்து அதிகம். குளிர்காலத்தில் அடர்ந்த முடிக்குள் பேன் பெருகும். மாடு வேலியில் உடலைத் தேய்த்துக்கொண்டிருந்தால் முடியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். புல் இல்லாத காலத்தில் பிராக்கன் பெரணியைத் தொடர்ந்து தின்றால் நஞ்சாகும்.

புதிதாக வாங்கும் மாட்டைத் தனியே நிறுத்திப் பரிசோதித்த பிறகே மந்தையில் சேர்க்க வேண்டும். ஸ்காட்லாந்து 2009 முதல் மாட்டுக் காசநோய் அற்ற பகுதி என்ற தகுதி பெற்றது. அத்தகுதி போகாமல் இருக்க, மாடு வாங்குவோர் ஒவ்வொருவரும் கவனமாயிருப்பது அவசியம்.

விற்பனையில்தான் சிக்கல்

ஹைலண்டு காயடித்த காளை இறைச்சிக்குத் தயாராக 30 மாதங்கள் வரை, சில சமயம் அதற்கு மேலும் ஆகும். பெரிய இனங்களும் கலப்பினங்களும் இதற்கு முன்பே தயாராகிவிடும். இந்த மெதுவான வளர்ச்சி ஒரு காலத்தில் பெரிய இடியாக விழுந்தது. மாட்டு மூளை நோய் காரணமாக 1996-ல் பிரிட்டனில், 30 மாதத்துக்கு மேற்பட்ட மாட்டின் இறைச்சியை உணவுக்கு விற்கக் கூடாது என்ற விதி வந்தது. புல் மட்டுமே தின்று மெதுவாக வளரும் மாடுகளை வைத்திருந்தவர்கள் இதனால் திண்டாடினார்கள். சில மந்தைகளுக்கு மட்டும் நிபந்தனைகளுடன் விலக்கு அளிக்கப்பட்டது. 2005 நவம்பரில்தான் அந்த விதி நீங்கியது.

இறைச்சிக் கொழுப்புக் குறைவும் சுவையும் தெரிந்த வாடிக்கையாளருக்கு நேரடியாக விற்றால்தான் இந்த மாட்டுக்கு உரிய விலை கிடைக்கும். ஆனால் விற்பனைக்குரிய இறைச்சி, உரிமம் பெற்ற கசாப்புக்கூடத்தில்தான் தயாராக வேண்டும். பல தீவுகளில் அத்தகைய கூடம் இல்லை. ஆர்க்னி தீவுகளில் இருந்த கூடம் 2018-ல் மூடப்பட்டது. அதனால் மாட்டைப் படகில் ஏற்றிப் பெருநிலத்துக்கு அனுப்பி, இறைச்சியைத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. ஒன்றிரண்டு மாடு விற்கும் சிறு பண்ணைக்கு இந்தச் செலவு பாரம். ஆக, மாடு வாங்கும் முன்பே கூடம் எங்கே, எவ்வளவு தூரம், யாருக்கு விற்பது என்பவற்றை முடிவு செய்திருக்க வேண்டும்.

மற்றொரு வழி, இனவிருத்திக்காக விற்பது. ஓபன் நகரில் ஹைலண்டு மாட்டுச் சங்கத்தின் ஏலங்கள் நடைபெறும். பதிவு பெற்ற நல்ல கிடேரிகளுக்கு நல்ல விலை கிடைக்கும். ஆனால் மந்தையில் பிறப்பவை எல்லாம் ஏலத்தரம் உள்ளவையாக இருப்பதில்லை. அந்த விலையை மட்டும் நம்பிக் கணக்குப் போடக் கூடாது.

எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்?

இந்த ஆண்டு அக்டோபரில் ஒரு இளங்கிடேரி வாங்குவதாக வைத்துக்கொள்வோம். அடுத்த ஜூலையில் சினை. அதற்கடுத்த ஏப்ரலில் கன்று. அது காளைக்கன்றாகி, 30 மாதத்தில் விற்பனைக்கு வர மேலும் இரண்டரை ஆண்டுகள். ஆக, பணம் போட்ட நாளிலிருந்து இறைச்சிப் பணம் வர நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அந்த நான்கு குளிர்காலத் தீவனத்துக்கும் வேறு வருமானம் வேண்டும். சினைப்பசுவாகவோ கன்றுடன் கூடிய பசுவாகவோ வாங்கினால் இக்காலம் குறையும். வாங்கும் விலை கூடும். பால்குடி மறந்த கன்றையே விற்றுவிட்டால் பணம் சீக்கிரம் வரும்; கிடைக்கும் தொகை குறையும். தன் கையிருப்புக்குத் தகுந்த வழியை ஒவ்வொருவரும் தேர்ந்தெடுக்க வேண்டும். கடன் வாங்கித் தொடங்குவோருக்கு இந்த இனம் ஏற்றதல்ல. வட்டி வளரும் வேகத்தில் இந்த மாடு வளராது.

அண்மைக் காலத்தில் முடியடர்ந்த கன்றுகளின் படங்களைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்குவோர் பல நாடுகளில் பெருகியிருக்கிறார்கள். அந்தக் கன்று இருபது ஆண்டுகள்கூட வாழும். அவ்வளவு காலத்துக்கும் புல், நிலம், பிடிக்கும் கூண்டு, மருத்துவர் எல்லாம் வேண்டும்.

நம் நாட்டுக்கு ஏற்றதா?

ஏற்றதல்ல. குளிரையும் மழையையும் தாங்க அமைந்த இரட்டை முடி நம் வெயிலில் மாட்டுக்குத் துன்பமாகவே முடியும். இந்த மாட்டைக் கொண்டுவர நினைப்பதில் பயனில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் பின்னுள்ள முறையைத்தான். தம் மண்ணில் தாமாக நிலைத்த மாட்டை அவர்கள் கழித்துவிடாமல், 1884-லேயே சங்கம் வைத்துப் பதிவேடு எழுதிக் காத்தார்கள். நம்மிடம் ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலை மாடு உண்டு. காங்கேயம், உம்பளாச்சேரி, புலிக்குளம் இனங்களும் உண்டு. அவற்றின் பால் அளவை மட்டும் கலப்பினத்தோடு ஒப்பிடாமல், தீவனச் செலவு, கொட்டகைச் செலவு, மருந்துச் செலவு, எத்தனை ஈற்று என்பவற்றையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். கணக்கு எப்பக்கம் சாய்கிறது என்பது நிலத்துக்கு நிலம் மாறும். அது தெரிய, நாட்டு மாடு வைத்திருப்போர் ஒவ்வொருவரும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஈற்றுத் தேதியும் செலவும் எழுதி வருவது நல்லது.

பாட வினாக்கள்

1. ஹைலண்டு மாட்டின் இரண்டு அடுக்கு முடிக்கும் தீவனச் செலவுக்கும் என்ன தொடர்பு?

2. ஆறு ஹைலண்டு பசுக்களும் நான்கு பெரிய இனப் பசுக்களும் ஏறக்குறைய ஒரே எடை கன்று தந்தால், ஹைலண்டு வளர்ப்பவருக்கு லாபம் எங்கிருந்து வருகிறது?

3. பசுவின் மெலிவைக் கண்ணால் பார்த்து அறிய முடியாதது ஏன்? எவ்வாறு அறிவது?

4. சிறு பண்ணையாளர் பொலிகாளைக்கு என்ன ஏற்பாடு செய்யலாம்?

5. பயிற்சி: உங்கள் மாட்டின் எடை 300 கிலோ, மேய்ச்சல் இல்லாத நாட்கள் 120. நூற்றுக்கு 2 பங்கு வீதம் தேவைப்படும் உலர் தீவனத்தைக் கணக்கிடுக. (விடை: 720 கிலோ.) உங்கள் வைக்கோல் போரில் அந்த அளவு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்க.